ஆராய்ச்சியும் பயன்சொல்லலும்

யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களில் நெடுங்காலமாக நிலவிவரும் நல்வழக்கங்களுள் புராண படனமும் ஒன்று. ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். கேட்டிருப்போருள் கற்றோரும் உளர், கல்லாதோரும் உளர். கமக்காரரும் உளர், வணிகரும் உளர். செய்யுளின் சொற்புணர்ச்சியைப் பிரித்து, அருஞ்சொற்கு உரை கூறி, அதன் கருத்தை அவரவர் வாழ்வோடு பொருத்திக் காட்டுதல் பயன் சொல்வோரின் கடமை. இப்பணி எளியது போலத் தோன்றினும் எளியதன்று. செய்யுளை முற்றும் உணர்ந்தவரன்றிப் பிறர் பயன் சொல்லப் புகின் பொருள் பிறழும். கேட்போரை உணராதவர் சொல்லப் புகின் சொற்பொழிவு வீணாகும். ஆதலின் நூலறிவும் உலகறிவும் ஒருங்கு வாய்ந்தவரையே ஊரார் பயன்சொல்ல அழைத்தனர். வாசித்தவரினும் பயன் சொன்னவர் தாழ்ந்தவர் என எவரும் எண்ணியதில்லை.

பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கும் பொதுமக்களுக்கும் இடையிலுள்ள உறவை ஆராய்வோர்க்கு இவ்வழக்கம் நல்லதோர் அளவுகோலாகும். ஆய்வாளர் தாம் கண்டதை ஆய்விதழில் எழுதுகின்றனர். அதனைப் படிப்போர் அத்துறை அறிஞர் சிலரே. அங்குச் செய்யுள் வாசிக்கப்படுகின்றது, பயன் சொல்லப்படுவதில்லை. ஆய்விற்கான பொருளோ பெரும்பாலும் பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து வருவது. ஆய்வின் முடிவு தொடுவதும் அவர்களுடைய நிலத்தையும் நீரையும் உடலையுமே. அங்ஙனமாகவும், முடிவு அவர்கள் செவிக்கு எட்டாதொழியுமாயின் அவ்வாராய்ச்சி பாதி வழியில் நின்றுவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

புலமையைப் பொதுமக்கள்பால் கொண்டுசெல்லும் முயற்சி இந்நாட்டிற்குப் புதியதன்று. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினறியில் கணிதம், வானியல் முதலிய மேனாட்டுக் கலைகள் கற்பிக்கப்பட்டன. 1841ஆம் ஆண்டில் தோன்றிய ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகை, சமயச் செய்திகளோடு கல்வி, அறிவியல் முதலிய பொருள்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டது. செமினறியின் சுவருக்குள் இருந்த அறிவு அச்செழுத்தின் வழியாக வெளியே வரத் தொடங்கியமை இங்ஙனமே.

1847ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இரு காரணங்களாற் சிறப்புடையது. அவ்வாண்டு திசெம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே ஆறுமுக நாவலர் தமது முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அதுகாறும் பண்டிதர்பால் அடங்கியிருந்த சாத்திரப் பொருள், யாவர்க்கும் விளங்கும் உரைநடையிற் பேச்சாக வெளிப்பட்டது. பின்னர் அவர் எழுதிய பாலபாடங்களும் பெரியபுராண வசனமும் அதே நோக்கத்தின் தொடர்ச்சியே. அதே 1847ஆம் ஆண்டிலேதான் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். இருவரும் 1822ஆம் ஆண்டிற் பிறந்தவர். சமயத்தால் எதிரெதிர் நின்ற இரு முகாம்களைச் சேர்ந்த இவ்விருவரும், கற்றோர் அறிவு மக்கள் மொழியிற் செல்லுதல் வேண்டும் என்னும் ஒரு செய்தியில் ஒத்து நின்றமை நினைவிற் கொள்ளத்தக்கது.

கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1864ஆம் ஆண்டளவில் தமிழிற் கற்பிக்கும் முறைக்கு மாறினார். ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகம் நாடி ஊரை விட்டகல்வர். தமிழிற் கற்றவர் ஊரிலேயே தங்கி ஊராருக்கு மருத்துவம் செய்வர் என்பது அவர் கண்ட உண்மை. அதன்பொருட்டு இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவராலும் அவர்தம் மாணவராலும் தமிழில் ஆக்கப்பட்டன. கலைச்சொல் ஆக்குங்கால் முதலில் தமிழில் வழங்கும் சொல்லை நாடுவதும், அது கிடையாவிடின் வடமொழிச் சொல்லை நாடுவதும், அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவதும் அவர்கள் கைக்கொண்ட நெறி. அச்சொற்களுட் பல இன்று வழக்கொழிந்தன. எனினும் உடற்கூறும் இரசாயனமும் தமிழிற் சொல்ல இயலாதவை என்னும் கூற்றுக்கு அந்நூல்கள் அன்றே விடை பகர்ந்தன.

பல்கலைக்கழகக் காலத்தில் இப்பணிக்கு முன்னோடியாக விளங்கியவர் சுவாமி விபுலானந்தர். காரைதீவிற் பிறந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதற் றமிழ்ப் பேராசிரியராகவும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் பணி புரிந்தவர். 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்கு அவர் தலைமை தாங்கினார். அவரது ‘யாழ் நூல்’ 1947ஆம் ஆண்டிற் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. இசைத்தமிழையும் ஒலியின் கணிதத்தையும் இணைத்துப் பல்லாண்டு உழைத்துக் கண்ட முடிவை அறிஞர் அவையில் மட்டும் வைத்து அமையாது, ஒரு திருக்கோயிலின் முன்றிலில், பழைய யாழ் எத்தகையது என்பதைக் கண்ணாலும் செவியாலும் அறிய விழைந்த மக்கள் முன்னே வைத்தமை கருதத்தக்கது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் செய்த பணி மற்றொரு வகையது. ஊர்ப்புறத்து அண்ணாவிமார் போற்றிவந்த கூத்துமரபை ஆராய்ந்த அவர், அவ்வாராய்ச்சியைக் கட்டுரையளவில் நிறுத்தவில்லை. 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ முதலியவற்றைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். இங்கே அறிவு ஒருவழியாக மட்டும் சென்றிலது. ஊரார் பல்கலைக்கழகத்திற்குக் கற்பித்தனர். பல்கலைக்கழகம் தான் கற்றதை ஒழுங்குபடுத்தி ஊராருக்கே திருப்பி அளித்தது. ஆய்வாளர் கொடுப்பவர், மக்கள் ஏற்பவர் என்னும் பிரிவு முற்றும் பொருந்தாது என்பதற்கு இது சான்று.

1974ஆம் ஆண்டில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி வளவில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பெற்றது. முதற்றலைவராக வந்த பேராசிரியர் க. கைலாசபதி அதற்கு முன்னரே ‘தினகரன்’ நாளிதழின் ஆசிரியராக இருந்தவர். பொது வாசகர்க்கு எழுதும் முறையை நன்கறிந்தவர். 1979இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வித்தியானந்தன் முதற் றுணைவேந்தரானார். 1978இற் றொடங்கிய மருத்துவ பீடத்திற் சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கிய செ. சிவஞானசுந்தரம், ‘நந்தி’ என்னும் பெயரிற் கதைகளும் நாவல்களும் எழுதியவர். தாய்மை, குழந்தை வளர்ப்பு ஆகியன குறித்து ‘அருமைத் தங்கைக்கு’, ‘நந்தினி உன் குழந்தை’ முதலிய நூல்களை அவர் எழுதினார். அந்நூற்பெயர்களே அவர்தம் முறையைக் காட்டுகின்றன. ஒரு தமையன் தங்கைக்குச் சொல்லுமாப்போலச் சொன்னால், மருத்துவமனை வாயிலை மிதிக்க அஞ்சும் இளந்தாயும் கேட்பாள் என்பதை அவர் உணர்ந்திருந்தார். போர்க்காலத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு உழைத்தவர்களும், உளநோவு பற்றிய அறிவைத் தமிழில் எழுதியும், ஆசிரியர்க்கும் சமுதாயப் பணியாளர்க்கும் பயிற்சியளித்தும் பரப்பினர். உளமருத்துவர் மிகச் சிலரே இருந்த காலத்தில் அவ்வறிவு பலர் கைக்குச் சென்றமையாலேயே பலர்க்கு உதவி கிட்டியது.

நிற்க. இத்தகைய பயன்சொல்லல் இன்று எவ்விடத்து மிகுதியும் வேண்டப்படுகின்றது என நோக்கின், யாழ்ப்பாணத்துக் கிணறே கண்முன் நிற்கும். குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறு மாரிகாலத்திற் சில நாள் ஓடி அராலிக் கடலிற் கலப்பது. வடகீழ்ப் பருவக்காற்றினால் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே பெரும்பகுதி நீரைத் தருவது. அந்நீர் செம்பாட்டு மண்ணூடே இறங்கி, வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த சுண்ணாம்புக்கற் படையிற் றங்குகின்றது. கீழே கடலிலிருந்து உட்புகுந்த உப்புநீர். அதன்மேல் மிதக்கும் வில்லை போன்று நன்னீர். இதுவே குடாநாட்டின் நீர்நிலை.

நன்னீர் ஏன் மிதக்கின்றது? கடல்நீர் நன்னீரினும் நாற்பதில் ஒரு பங்களவு அடர்த்தி மிக்கது. ஆதலின், கடன்மட்டத்திற்கு மேல் ஓரடி உயரத்திற்கு நன்னீர் நிற்குமாயின் கடன்மட்டத்திற்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழத்திற்கு நன்னீர் இருக்கும். இந்நியதியை ஒல்லாந்தரான கைபென் 1889ஆம் ஆண்டளவிலும், செர்மானியரான ஏர்சுபேர்க்கு 1901ஆம் ஆண்டிலும் தனித்தனியே கண்டனர். கணக்கின் மறுபுறத்தையும் காண்க: அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், கீழிருக்கும் உப்புநீர் காலப்போக்கில் நாற்பதடி மேலெழக்கூடும். துலாவினால் இறைத்த காலத்தில் மனித உழைப்பே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. இயந்திரம் வந்த பின்னர் அவ்வெல்லை நீங்கிற்று. புத்தூர் நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருத்தல் இந்நியதிக்குக் கண்கூடான எடுத்துக்காட்டு. இராமபிரான் அம்பெய்து தோற்றுவித்த கிணறு என ஊரார் அதனைப் போற்றுவர். அக்கதையை இகழாது, அக்கிணற்றங்கரையிலேயே நின்று நீரின் இயல்பை விளக்கும் ஆசிரியர், நூறு பக்கக் கட்டுரையாலும் ஆகாததைச் செய்தவராவர்.

இனி, நீரின் அளவினும் அதன் தூய்மை பற்றிய செய்தி நுண்ணியது. வெங்காயம், மிளகாய், புகையிலை முதலியவற்றிற்கு இடும் யூரியாவும் எருவும் மண்ணில் நைத்திரேற்றாக மாறுகின்றன. பயிர் உண்டது போக எஞ்சிய நைத்திரேற்று மண்ணோடு ஒட்டி நிற்பதில்லை. மழைநீரோடும் இறைத்த நீரோடும் கீழிறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றை அடைகின்றது. மலசலகூடக் குழிகளும் இதற்குத் துணை செய்கின்றன. குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமப் பகுதியிற் பல கிணறுகள் இவ்வரையறையை மீறியிருத்தலை 1980கள் தொடக்கம் ஆய்வுகள் காட்டி வந்துள்ளன.

இதன் தீங்கு யாது? மிகுதியான நைத்திரேற்றுக் கலந்த நீரிற் பால்மாவைக் கரைத்து ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு ஊட்டினால், குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழத்தல் கூடும்; உடல் நீலம் பாரிக்கும். இதனை அமெரிக்க மருத்துவர் ஒருவர் கிணற்று நீரோடு தொடர்புபடுத்தி 1945இல் விளக்கினார். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, நாவினால் அறியவும் இயலாது. தெளிந்த நீரே நல்ல நீர் என எண்ணும் தாய் இதனை எங்ஙனம் அறிவாள்?

இங்கேதான் பயன் சொல்வோரின் பொறுப்பு வெளிப்படுகின்றது. ‘நீரைக் கொதிக்கவைத்துப் பருகுக’ என்பது சுகாதாரப் பணியாளர் நெடுங்காலம் கூறிவரும் அறிவுரை. கொதித்தல் நெருப்புக்காய்ச்சல் முதலியவற்றைத் தரும் கிருமிகளைக் கொல்லும். ஆதலின் அவ்வறிவுரை மெய்யானது. ஆயின் கொதித்தல் நைத்திரேற்றை நீக்காது; நீர் ஆவியாகக் குறையுந்தோறும் எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். ஓர் உண்மையைக் கேட்டு நம்பிய தாய்க்கு மற்றோர் உண்மை சொல்லப்படாமையால் தீங்கு நேரலாகாது. ‘கொதிக்கவைத்தல் பயனற்றது’ எனச் சுருக்கிச் சொன்னாலோ அது வேறொரு கேட்டிற்கு வழியாகும். இரண்டையும் ஒருங்கே, குழப்பமின்றி, ‘கிருமிக்குக் கொதிநீர், கைக்குழந்தைக்குத் தாய்ப்பால், பால்மா கொடுக்க நேரின் சோதித்தறிந்த கிணற்று நீர்’ எனச் சொல்லுதல் வேண்டும். இவ்வொரு வாக்கியத்தை ஆக்குதற்கு இரசாயனமும் மருத்துவமும் மட்டுமன்றி ஊர்வாழ்க்கையும் தெரிந்திருத்தல் வேண்டும்.

கமக்காரர்க்குச் சொல்லும் முறை வேறு. ‘உங்கள் பசளையே நீரைக் கெடுத்தது’ எனக் குற்றஞ்சாட்டித் தொடங்கினால் அவர் எழுந்து போவார். பயிர் உண்ணாத பசளை அவர் கைப்பணமும் ஆகும் என்பதிலிருந்து தொடங்கினால் இருந்து கேட்பார். ஒரே முறையில் இடுவதைப் பல முறையாகப் பகுத்திடுதல், அளவறிந்து இடுதல், சொட்டுநீர்ப் பாசனத்தாலும் தூவல் முறையாலும் நீரை மட்டாகப் பாய்ச்சுதல் ஆகியன பணத்தையும் நீரையும் ஒருங்கே காப்பன. எவ்வயலில் எப்போது நீர் உவர்க்கத் தொடங்கிற்று என்பதை ஆய்வாளரினும் அவரே முன்னறிவார். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளும் ஆய்வாளர் தம் ஆய்வையும் வளம்படுத்துவார்.

2024ஆம் ஆண்டிற் றாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பெற்றுக் குழாய்நீர் வழங்கல் விரிந்து வருகின்றது. அதனாற் கிணற்றின் கவலை தீர்ந்தது என எண்ணுதல் தவறு. தோட்டப் பயிர் அனைத்தும் நிலத்தடி நீரையே நம்பி நிற்பன. ஒருமுறை உவர்த்த நீர்ப்படையை மீட்டெடுத்தல் எளிதன்று.

ஆராய்ச்சியைப் பொதுவில் வைப்பதற்கு எதிராகக் கூறப்படும் தடைகள் இரண்டு. எளிமைப்படுத்தினால் உண்மை திரியும் என்பது ஒன்று. திரியக்கூடும், ஆயின் அது எளிமையின் குற்றமன்று, கவனமின்மையின் குற்றம். 1980ஆம் ஆண்டின் இறுதியில் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த பெருங்கற்காலப் புதைகுழியில் வெண்கல முத்திரையொன்று கிடைத்தது. அதில் ஒரு வரிசையிற் குறியீடுகளும் மறு வரிசையிற் பிராமி எழுத்துக்களும் இருந்தன. அவ்வெழுத்துக்களை வாசிப்பதில் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. குடாநாட்டில் மிகப் பழங்காலத்திலேயே எழுத்தறிவுடைய மக்கள் வாழ்ந்தனர் என்பது உறுதி. முத்திரையிலுள்ள சொல் இன்னதே என்பது அத்துணை உறுதியன்று. இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லுதலே நேர்மை. பொதுமக்கள் ஐயத்தைத் தாங்கமாட்டார் எனக் கருதி எல்லாவற்றையும் உறுதிபோலக் கூறின், பின்னர் ஒன்று மாறுங்கால் அவர்தம் நம்பிக்கை முழுதும் இழக்கப்படும்.

இரண்டாவது தடை, ஆய்வாளர்க்கு இதற்கு நேரமில்லை, பதவியுயர்வில் இதற்கு மதிப்புமில்லை என்பது. இது பொருளற்ற முறையீடன்று. ஆயினும் மைக்கேல் பரடேயின் வாழ்க்கை ஈண்டு நினைக்கத்தக்கது. கொல்லன் மகனாகப் பிறந்து புத்தகம் கட்டும் தொழிலிற் பயின்ற அவர், 1812ஆம் ஆண்டில் அம்பிரி தேவியின் பொது விரிவுரைகளைக் கேட்டமையாலேயே விஞ்ஞானத்துள் நுழைந்தார். பின்னர் அவரே இலண்டன் றோயல் நிறுவனத்தில் ஒரு மெழுகுதிரியைக் கையிற் கொண்டு சிறுவர்க்கு இரசாயனம் விளக்கினார். வங்கத்தில் இயற்பியலறிஞர் சத்தியேந்திரநாத் போசு 1948இல் தாய்மொழியில் விஞ்ஞானம் பரப்பக் கழகம் நிறுவினார். கேரளத்தில் 1962இற் றோன்றிய சாத்திர சாகித்திய பரிசத்து ஊர்தோறும் சென்றது. ஒரு பொது விரிவுரையைக் கேட்ட கூட்டத்தில் அடுத்த ஆய்வாளன் அமர்ந்திருத்தல் கூடும். ஆதலின் இப்பணி ஆராய்ச்சிக்குப் புறம்பானதன்று; நாளைய ஆராய்ச்சிக்கு இன்று இடும் வித்து.

யாழ்ப்பாணத்தில் இதற்கான களங்கள் ஆயத்தமாகவே உள்ளன. ஊர்தோறும் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் உண்டு; கோயில் மண்டபம் உண்டு; பாடசாலை உண்டு. பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் ஆண்டில் ஒரு மாலையேனும் இவற்றுள் ஒன்றிற்கு வந்து, தாம் கண்டது யாது, அதனை எங்ஙனம் கண்டார், எதனை இன்னும் அறியார் என மூன்றையும் சொல்வாராயின் போதுமானது. கல்லூரி மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. தம் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து எழுதிவைக்கும் மாணவன் ஆய்வாளர்க்குத் தரவு அளிக்கின்றான். அவ்வளவீட்டின் பொருளைப் பாட்டனுக்குச் சொல்லுங்கால் பயன்சொல்பவனும் ஆகின்றான்.

செய்யுளை வாசித்தவர் குரல் எத்துணை இனிதாயினும், பயன் சொல்லி முடிந்த பின்னரே புராண படனம் அன்றைக்கு நிறைவுறும். ஆராய்ச்சியும் அத்தகையதே.